தடுப்பூசியைக் காக்கும் சர்க்கரை

வெள்ளாட்டை ஏழையின் பசு என்பார்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், செய்யூர், மாமல்லபுரம் பகுதிகளில் சிறு விவசாயிகள் பலருக்கு அவசரச் செலவுக்குக் கைகொடுப்பவை பட்டியில் நிற்கும் நாலைந்து ஆடுகளே. அந்தப் பட்டியையே காலி செய்துவிடக் கூடியது ஆட்டுக்கொல்லி நோய். கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகுதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1987-ல் கண்டறியப்பட்டது, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான். அங்கு கிடைத்த வைரஸ் கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. கிருமியைக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இல்லை. வருமுன் தடுப்பூசி போடுவதே வழி. ஆனால் ஊசி போட்டும் பலன் இல்லை என்று சில இடங்களில் குறை சொல்லப்படுவதுண்டு. வழியில் வெப்பம் பட்டு மருந்து வீரியம் இழப்பது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

புரதம் ஏன் கெடுகிறது?

இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அதன் மேற்புறத்தில் உள்ள புரதங்கள் நீண்ட நூலை ஒரு குறிப்பிட்ட விதமாகச் சுருட்டி மடித்தது போன்றவை. அந்த மடிப்பு குலையாமல் இருந்தால்தான் வைரஸ் ஆட்டின் உடலணுக்களில் நுழைந்து எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். வெப்பம் பட்டால் மடிப்பு அவிழ்ந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதும் இதனால்தான். வெந்த கரு குளிர்ந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கெட்ட தடுப்பூசியும் அப்படியே. அதை மீண்டும் பனிக்கட்டியில் வைப்பதால் பயனில்லை.

சர்க்கரை என்ன செய்கிறது?

மருந்து தயாரிக்கும்போதே அதில் சர்க்கரை சேர்க்கிறார்கள். நாம் காப்பியில் போடும் சர்க்கரையான சுக்ரோஸும், காளானிலும் ஈஸ்டிலும் உள்ள ட்ரெஹலோஸும் இதற்குப் பயன்படுகின்றன. நிறையச் சர்க்கரை கரைந்துள்ள நீரில் புரதம் அவ்வளவு எளிதில் விரிந்து அவிழ முடியாது. சர்க்கரை கலந்து அடித்த முட்டை வெந்து இறுகக் கூடுதல் வெப்பம் தேவைப்படுவதை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம்.

பின்னர் இக்கலவையை உறையவைத்து, நீரை ஆவியாக வெளியேற்றித் தூளாக்குகிறார்கள். புரதத்தின் வடிவத்தைத் தாங்கி நிற்பதில் நீருக்கும் பங்கு உண்டு. அந்த நீர் போன இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. அதோடு பாகு போல் இறுகி, புரதத்தை அசையவிடாமல் நிறுத்துகிறது. கடலை மிட்டாயில் பாகு இறுகியதும் கடலைகள் அசையாமல் இருப்பதை நாம் அறிவோம். காய்ந்த விதைநெல்லின் முளைக்கருவிலும் சர்க்கரைகள் இதே காவல் வேலையைச் செய்கின்றன.

ஆனால் கடலை மிட்டாயைக் கடற்காற்றில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஈரம் ஏறிப் பிசுபிசுத்துப் போகும். தடுப்பூசித் தூளும் அப்படித்தான். ஈரமோ வெப்பமோ ஏறினால் சர்க்கரையின் பிடி தளரும். குளிரில் நெடுநாள் தாங்கும் தூள், 37 டிகிரி வெப்பத்தில் ஓரிரு நாட்களிலேயே வீரியம் இழக்கத் தொடங்கும்.

கரைத்த பின் காவல் இல்லை

100 ஆடுகளுக்கான தூளை 100 மில்லி நீர்மத்தில் கரைத்ததும் சர்க்கரை மிகவும் நீர்த்துப்போகிறது. அதன் காவல் அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஆகவே கரைத்த மருந்தைப் பனிக்கட்டியிலேயே வைத்து, குப்பியில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்குள், பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குள், போட்டு முடிக்க வேண்டும். கூடுதலாகச் சர்க்கரை போட்டால் நீடிக்கும் என்று எண்ணி யாரும் எதையும் கலக்கக் கூடாது. அது மருந்தைக் கெடுப்பதோடு ஆட்டுக்கும் தீங்காகும்.

கவனிக்க வேண்டியவை

முகாம் நாளன்று ஊர் ஆடுகள் அனைத்தையும் காலையில், வெயில் ஏறும் முன், ஒரே நிழலில் சேர்த்துக் கட்டுவது நல்லது. ஆட்டுக்காகக் காத்திருந்தால் மருந்துதான் வீணாகும்.

மருந்து எடுத்துவரும் பெட்டியில் பனிக்கட்டி இருக்க வேண்டும். சட்டைப் பையிலோ, வண்டிப் பெட்டியிலோ வைத்துக் கொண்டுவருவது கூடாது.

குப்பியின் மூடி தளர்ந்திருந்தாலோ, தூள் உருகிச் சுருங்கியிருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொதிக்கவைத்த ஊசி ஆறிய பின்னரே மருந்து ஏற்ற வேண்டும். ஊசிக்குள் கிருமிநாசினி ஒட்டியிருந்தால் தடுப்பூசியில் உள்ள வைரஸும் செத்துவிடும்.

மீதியான மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்கக் கூடாது. நோயுற்ற ஆடு, சினை ஆடு இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குட்டிகளுக்கு நான்கு மாத வயதில் ஊசி போடலாம். நல்ல நிலையில் உள்ள மருந்தை ஒரு முறை போட்டால் சுமார் மூன்று ஆண்டுகள் பாதுகாப்புக் கிடைக்கும். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

மாட்டு வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் இலக்கு வைத்துள்ளன. மருந்தின் வீரியம் பட்டி வரை குறையாமல் வந்து சேர்ந்தால்தான் அது கைகூடும்.