விரல் நுனியில் ஒரு குத்து

மயிலாப்பூர் மாடவீதியில் ஒருவர் மயங்கிச் சரிகிறார். பேச்சு குழறுகிறது, ஒரு கை துவள்கிறது. பக்கவாதம் என்கிறார் ஒருவர். குடித்திருப்பார் என்று நகர்ந்துவிடுகிறார் இன்னொருவர். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற ஓர் அவசரப் பிரிவுக்கு அவரைக் கொண்டுபோனால், செவிலியர் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் பார்த்த கையோடு விரல் நுனியில் ஒரு குத்து குத்துவார். குளுக்கோமீட்டருக்குச் சில நொடி போதும். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே தெரியும். காரணம் அதுதான் என்றால், குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுவோரும் உண்டு!

எந்த நோய் அதிகம் வரும் என்பதோடு, எதைத் தவறவிட்டால் உயிருக்கு ஆபத்து, எதை உடனே சரிசெய்யலாம் என்பதும் செவிலியரின் கணக்கு. நெஞ்சுவலியை நாம் ‘கேஸ்’ என்போம். அங்கே 10 நிமிடத்துக்குள் இசிஜி. அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளிகளைப் பிரிப்பதும் இதற்காகவே. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசை அங்கே செல்லாது.

கூடப் போகிறவர்கள் மாத்திரை அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, தொந்தரவு தொடங்கியது எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்.