நாற்பது நாளில் ஒரு தலைமுறை

குளச்சல் கடைத்தெருவில் பட்டாணியை மூட்டையில் காணலாம். செடியில் பூத்திருக்கக் கண்டவர் அவ்வூரில் சொற்பமே. குளிரை விரும்பும் அச்செடிக்குக் கடற்கரை வெப்பம் ஒத்துக்கொள்வதில்லை. ஆயினும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாரம்பரிய சாஸ்திரத்தைப் பட்டாணியைக் கொண்டே கற்கிறார்கள். இரண்டாம் தலைமுறையில் ஓங்கிய குணம் மூன்று பங்கு, ஒடுங்கிய குணம் ஒரு பங்கு என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதினால் பரீட்சைக்குப் போதும். ஆனால் அது கண்டறிந்த உண்மையாகுமா?

மெண்டல் என்னும் துறவி 1856 முதல் எட்டு வருஷம் மடத்துத் தோட்டத்தில் பாடுபட்டார். அவர் எண்ணிய விதைகளில் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. அதாவது மூன்றுக்கு ஒன்றல்ல, 2.96-க்கு ஒன்று. அந்தச் சிறு பிசகில்தான் பாடமே இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். 1866-ல் அச்சேறிய அவருடைய ஆராய்ச்சியை 1900-ல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஹூகோ டி விரீஸ் ஒரு டச்சுக்காரர். 1741-ல் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா முறியடித்த குளச்சலார், இந்த ஒரு விஷயத்தில் அந்த ஜாதியாருக்கு வந்தனம் சொல்லலாம்!

பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷத்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் வில்லியம்ஸ் என்ற தாவர நோய் நிபுணர், கடுகு வர்க்கத்தில் சீக்கிரம் பூப்பவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, ஒரு குட்டைச் செடியை உண்டாக்கினார். விதைத்த இரண்டு வாரத்தில் பூ; சுமார் 40 நாளில் மறுவிதை. இரவும் பகலும் குழல்விளக்கு எரிந்தால் போதும். அதன் மகரந்தம் அதற்கே உதவாது. ஆகவே செத்த தேனீயைக் குச்சியில் ஒட்டி, மாணாக்கர்களே பூவுக்குப் பூ தடவுகிறார்கள். ஊதாத் தண்டுச் செடியையும் பச்சைத் தண்டுச் செடியையும் கலந்தால் பிள்ளைகள் யாவும் ஊதா. பேரப் பிள்ளைகளில் பச்சை மறுபடி தலைகாட்டும். வட இந்தியாவின் மஞ்சள் சர்ஸோன் கடுகும் இதே இனந்தான்.

விதையும் விளக்கும் வாங்க வசதியில்லாத பள்ளிக்குச் சிறுபயறு இருக்கிறது. அதிலும் முளைத்தண்டின் ஊதா நிறம் பச்சையை அடக்குவதே. பூ மிகச் சிறியதாதலால் கலப்பது கைதேர்ந்தவர் வேலை. புதுக்கோட்டை ஜில்லா வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி நிலையம் போன்றவை, கலப்புச் செடியில் விளைந்த விதையில் கைப்பிடி கொடுத்துதவினால், ஒரு வாரத்திற்குள் வகுப்பிலேயே முளையை எண்ணிவிடலாம்.

ஒரு பெண் தன் தட்டில் ஊதா 10, பச்சை 6 என்று எண்ணிவிட்டு, தப்பென்று பயந்து, 12, 4 என்று திருத்தப் போவாள். உபாத்தியாயர் அப்போது அழிப்பானை வாங்கி வைத்துக்கொண்டு, வகுப்பு முழுவதன் கணக்கையும் கூட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.