ஏரிப் பறவைகளும் கைபேசிச் செய்தியும்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஏரிகள் பலவற்றில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகிறது. வேடந்தாங்கல் உழவர்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்புப் பட்டயம் பெற்றனர்.

அன்று வேட்டைக்காரர் ஏரியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இன்று கைபேசியில் படத்துடன் ஏரியின் பெயரையும் வெளியிட்டால், அது ஒரே நாளில் அவர் கைக்கும் போய்ச் சேரும். பறவைகளால் வரும் பயன் ஊருக்கே பொது. ஆகவே அவற்றின் இருப்பிடத்தை அறிவிப்பது ஒருவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. வேடிக்கை பார்க்க வரும் கூட்டமும் கெடுதியே. தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் முட்டையையும் குஞ்சையும் காகம் கொத்திச் செல்லும்.

கவனிக்க வேண்டியவை:

1. கூடு கட்டும் காலத்தில் ஏரியின் பெயரை வெளியிட வேண்டாம். மாவட்டப் பெயர் போதும்.

2. படம் எடுக்குமுன் கைபேசியின் இருப்பிடக் குறிப்பை நிறுத்திவிட வேண்டும்.

3. வலை, கண்ணி, துப்பாக்கியுடன் எவரையேனும் கண்டால் வனத்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவைகளின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டையே.

வேடந்தாங்கல் உலகறிந்த சரணாலயம். அங்கே காவல் உண்டு. காவலில்லாத ஊர் ஏரிக்கு உழவரின் வாயடக்கமே காவல்.