சித்தேரி எந்தக் கணக்கில் வரும்?

பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் சோதனை மேசை என்று ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து யாராவது 198-ஐச் சுழற்றி, "எங்க லைன் டெட்டுங்க" என்றால், மேசையில் இருப்பவர் அந்த எண்ணுக்குரிய பழுது அட்டையை உருவி எடுப்பார். போன முறை என்ன கோளாறு, எந்தக் கம்பத்தில், எத்தனை நாளில் சரியானது என்பதெல்லாம் அதில் கையெழுத்தில் இருக்கும். பிறகு லைனைச் சோதித்து மீட்டர் முள்ளைப் பார்ப்பார். கம்பி அறுந்திருக்கிறதா, இரண்டும் ஒட்டிக்கொண்டனவா, மழை ஈரத்தில் தரைக்குக் கசிகிறதா என்பது முள் ஆடும் விதத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் லைன்மேனின் சைக்கிள் கிளம்பும்.

தருமபுரி மாதிரியான மாவட்டத்தில் லைன்மேனின் தலைக்குள்தான் பாதி எக்ஸ்சேஞ்ச் இருந்தது. எந்தச் சாலையோரப் புளியமரத்தின் கிளை எந்தக் கம்பியை உரசும், எந்தப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், எந்த இடத்தில் செம்புக் கம்பியைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் விடுப்பில் போனால் அந்தப் பகுதிக்கே விடுப்பு. இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும், செத்துப்போன லைனுக்கு வாடகை கட்டியவர்களும் அந்தக் காலத்து ஆட்கள்தான்.

கட்டணக் கணக்கு இன்னொரு விசித்திரம். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் எக்ஸ்சேஞ்சுச் சுவரில் ஒரு சின்ன எண்ணி மீட்டர். எஸ்.டி.டி. பேசினால் தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப அதே மீட்டர் வேகமாகத் துடிக்கும். குறித்த நாளில் கேமராவைக் கொண்டுவந்து வரிசை வரிசையாக மீட்டர்களைப் படம் பிடிப்பார்கள். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பில். எந்த ஊருக்கு, எப்போது, எத்தனை நிமிடம் என்ற விவரம் எதுவும் கிடையாது. "நான் பேசவே இல்லை" என்று சண்டைக்கு வருபவரிடம் காட்ட, அந்தப் புகைப்படத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

1980-களில் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. முதலில் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் ஈ-10பி, பிறகு ஜெர்மானிய இ.டபிள்யூ.எஸ்.டி., சுவீடனின் ஏ.எக்ஸ்.இ. என்று நாட்டில் பலவகை எந்திரங்கள் சேர்ந்தன. 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென்று 128 முனைகள் கொண்ட சிறிய எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. ஏ.சி. இல்லாத அறையில் தூசியையும் வெயிலையும் தாங்கி ஓடும் பெட்டி அது. வெளியூருக்குப் பேச எஸ்.டி.டி. பூத்தில் வரிசை நின்ற தலைமுறைக்கு அந்தப் பெட்டி பெரிய விடுதலை. ஆனால் ஒவ்வொரு வகை எந்திரத்துக்கும் தனி முனையம், தனிக் கட்டளைகள், தனி அலாரம். ஒன்றின் கோளாறு இன்னொன்றின் திரையில் தெரியாது. பெரிய எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தாலும், அதைக் கேட்க அதே அறையில் ஆள் வேண்டும்.

உலகம் முழுக்கவே தொலைபேசித் துறைகளுக்கு இந்தத் தலைவலி இருந்தது. ஜெனீவாவிலிருந்து இயங்கிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஆலோசனைக் குழு 1988-ல் எம்.30 என்ற பரிந்துரையை வெளியிட்டது. 1992-ல் அது எம்.3010 ஆனது. அது வகுத்த தொலைத்தொடர்பு நிர்வாக வலையமைப்பைச் சுருக்கமாக டி.எம்.என். என்பார்கள். பேச்சைச் சுமக்கும் வலையமைப்புக்கு மேல், அதைக் கவனிக்க இன்னொரு வலையமைப்பு; எந்த நிறுவனத்தின் எந்திரமானாலும் அதோடு ஒரே மொழியில் பேச வேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாக வேலையை ஐந்தாகப் பிரித்தார்கள்: பழுது, உள்ளமைவு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு. இந்தப் பிரிப்பு 1989-ன் ஐ.எஸ்.ஓ. 7498-4 தரத்திலேயே இருந்தது. நம் எக்ஸ்சேஞ்ச் அலமாரியைத் திறந்து பார்த்திருந்தால் ஐந்துக்கும் ஏதோ ஒரு நோட்டு கிடைத்திருக்கும். பழுது அட்டை ஒன்று, எந்த எண் எந்த ஜோடிக் கம்பியில் போகிறது என்ற பதிவேடு இன்னொன்று, மீட்டர் படங்கள் வேறொன்று. அவை ஒன்றோடொன்று பேசியதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்.733. ஓர் எந்திரம் தன் வலியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று வகுத்த விதி. கிரிட்டிக்கல், மேஜர், மைனர், எச்சரிக்கை என்று தீவிரத்துக்குப் படிகள். என்னவென்று தெரியவில்லை என்பதற்கும் ஒரு படி. சரியாகிவிட்டது என்பதற்கு ஒன்று. சோதனை மேசைக்காரர் முள்ளின் ஆட்டத்தில் படித்ததை எந்திரமே வகைப்படுத்தித் தருகிறது. டி.எம்.என். விரும்பிய சி.எம்.ஐ.பி. என்ற நெறிமுறை மட்டும் கனம் தாங்காமல் பின்தங்கிப்போனது. 1988-லேயே இணையத்துக்காரர்கள் எழுதிய எளிய எஸ்.என்.எம்.பி. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. குழு கூடி எழுதிய பெரிய நெறிமுறையைச் சில பேர் எழுதிய சிறியது வென்றது பொறியாளர்கள் இன்னும் சிரித்துப் பேசும் கதை.

இன்று பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு வீட்டில் ஃபைபர் இணைப்பு போனால், மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுகிறது. ஒளி வரவில்லை என்று பொருள். வீட்டுக்காரர் அதைப் பார்ப்பதற்குள் தொலைவில் உள்ள கண்காணிப்பு மையத்துக்கும் சேதி போயிருக்கும். சாலை அகலப்படுத்தும் ஜே.சி.பி. கேபிளை அறுத்திருந்தால், ஓ.டி.டி.ஆர். கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, வெட்டுப்பட்ட இடம் எத்தனை மீட்டர் தூரத்தில் என்று சொல்லிவிடும். மாவட்டத்தின் 251 ஊராட்சிகளையும் ஃபைபரில் கோக்கும் பாரத்நெட் திட்டத்தில், ஊராட்சி அலுவலகத்துப் பெட்டிக்கு மின்சாரம் நின்றாலும் திரையில் தெரியும். பில்லில் ஒவ்வொரு அழைப்பும் நொடிக் கணக்கில். 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய உள்நாட்டு 4ஜி-யின் மையப்பகுதியைச் செய்ததும் அதே சி-டாட்தான்.

எல்லாம் தெரிகிறது. சரிசெய்ய ஆள்? 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.-இன் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். கம்பங்களின் கதையை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறையில் பெரும்பகுதி அது. ஃபைபரை ஒட்டவைக்கும் வேலை இன்று பெரும்பாலும் ஒப்பந்தப் பையன்கள் கையில். அவர்களின் கெட்டிக்காரத்தனத்தில் குறை சொல்ல மாட்டேன்; ஆனால் ஒப்பந்தம் மாறும்போது அவர்கள் கற்ற ஊர்ப்பாடமும் சேர்ந்து போய்விடுகிறது. அதே டி.எம்.என். வரிசையின் எம்.3400 பரிந்துரையில் பழுது நிர்வாகத்துக்குப் பல பக்கங்கள் உண்டு. மலைப்பாதையில் கோபுரத்துக்கு டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு போவது யார் என்பதற்கு அதில் இடமில்லை. அது அந்தத் தரத்தின் வேலையும் அல்ல.

எதை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறோம் என்பது இதைவிடச் சிக்கல். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும் தொலைபேசித் துறைக்குத் தருமபுரி என்றால் ஓசூர் வரைக்கும்தான். அதற்கும் மேலே போனால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-ல் வகுத்த தர அளவுகளில், செல்போன் கோபுரங்கள் இயங்காத நேரம் சேவைப் பகுதி (ஏறக்குறைய ஒரு மாநிலம்) முழுவதற்கும் சேர்த்து 2 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்றிருந்தது. 100 கோபுரங்களில் ஒன்று மாதம் முழுக்க அணைந்து கிடந்து மற்றவை நன்றாக ஓடினால் கணக்கு 1 சதவீதம்தான். தேர்ச்சி. மிக மோசமான கோபுரங்களுக்கென்று தனி அளவுகோல் ஒன்றும் வைத்தார்கள், அதுவும் சதவீதம்தான். அணைந்த அந்த ஒன்று அரூர் பக்கத்துச் சித்தேரி மலையில் இருந்தால், மலையாளிப் பழங்குடி மக்களின் அந்தக் குக்கிராமங்கள் மாதம் முழுக்க 108-ஐக்கூட அழைக்க முடியாமல் இருக்கும். அறிக்கையில் குறை இருக்காது.

2024 ஆகஸ்டில் டிராய் புதிய ஒழுங்குமுறையைக் கொண்டுவந்து அக்டோபரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஒரு மாவட்டத்தில் சேவை தொடர்ந்து 4 மணி நேரம் நின்றால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நாளைத் தாண்டினால் சந்தாதாரருக்குக் கட்டணத்தில் ஈடு. எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தையும் நிறுவனங்கள் இணையதளத்தில் போட வேண்டும். மாநில அளவிலிருந்து மாவட்ட அளவுக்கு இறங்கியது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தருமபுரி இருட்டானால் இனி ஒளிக்க முடியாது. சித்தேரி மட்டும் இருட்டானால் இப்போதும் முடியும். ஒவ்வொரு கோபுரத்தின் அலாரமும் நேரத்தோடு நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. அதை ஊராட்சி வாரியாகப் பிரித்து வெளியிடத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. விதியில் "மாவட்டம்" என்ற இடத்தில் "ஊராட்சி" என்று எழுதினால் போதும்.