உயிர் தப்ப நடித்தவர்: ஹெயிங் நோரும் ‘கொலைக்களங்கள்’ படமும்

2011 ஜூனில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. நம்மில் பலர் அந்தப் படத்தைக் கண்ணீருடன் பார்த்தோம். தலைப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் யோசித்திருக்க மாட்டோம். கம்போடியப் பத்திரிகையாளர் டித் பிரான், தப்பியோடும் வழியில் பிணங்களும் எலும்புக்கூடுகளும் கிடந்த வயல்வெளிகளுக்கு இட்ட பெயர் அது. 1984 இல் வெளியான ‘த கில்லிங் பீல்ட்ஸ்’ திரைப்படம் அந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது. அந்தப் படத்தில் டித் பிரானாக நடித்தவர்தான் ஹெயிங் எஸ். நோர். அதற்கு முன்னர் அவர் எந்தப் படத்திலும் நடித்ததில்லை.

நோர் ஒரு வைத்தியர். தலைநகர் புனோம் பென்னில் மகப்பேற்று மருத்துவம் பார்த்தவர். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படையினர் நகரைக் கைப்பற்றினார்கள். சில நாட்களுக்குள் சுமார் 20 இலட்சம் மக்கள் வீதிகளில் இறக்கப்பட்டு கிராமப்புறங்களுக்குத் துரத்தப்பட்டார்கள். வைத்தியசாலைகளில் கிடந்த நோயாளிகளுக்கும் விலக்கு இருக்கவில்லை. படித்தவன் என்று தெரிந்தால் சாவு. நோர் தன் மூக்குக்கண்ணாடியை ஒளித்தார், தொழிலை மறைத்தார், தான் டாக்ஸி ஓட்டுநர் என்று சொன்னார். பலமுறை பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ஒரு விரலின் பகுதியை வெட்டினார்கள். அப்போதும் அவர் டாக்ஸி ஓட்டுநர்தான்.

1978 இல் அவரது மனைவி ஹுவோய்க்கு மாதம் நிறையும் முன்பே பிரசவ வலி கண்டது. பட்டினியால் மெலிந்திருந்த உடம்பு. வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தால் ஒருவேளை தாய் பிழைத்திருக்கலாம். அதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். கையில் கத்தியோ மருந்தோ இல்லை. கை வைத்தால் அவர் வைத்தியர் என்பது வெளியே தெரிந்துவிடும், பிறகு இருவருக்கும் ஒரே முடிவுதான். ஹுவோயும் குழந்தையும் இறந்துபோனார்கள். எத்தனையோ பெண்களுக்குப் பிரசவம் பார்த்த ஒருவர் தன் மனைவியின் பிரசவத்தில் டாக்ஸி ஓட்டுநராகவே இருக்க வேண்டியிருந்தது. அவர் பிறகு மணம் முடிக்கவில்லை.

வியட்நாம் படைகள் கெமர் ரூஜ் ஆட்சியைக் கவிழ்த்தபின் 1979 இல் நோர் தாய்லாந்துக்குத் தப்பினார். அகதி முகாம்களில் மீண்டும் வைத்தியரானார். 1980 இல் சகோதரரின் மகளுடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது அந்தத் தகுதி அங்கே செல்லுபடியாகவில்லை. புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் அகதிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் ஆலோசகராக இருந்த நாட்களில், ஒரு கம்போடியத் திருமண வீட்டில் படக்குழுவினரின் கண்ணில் பட்டார். முதலில் அவர் ஆர்வம் காட்டவில்லை. கம்போடியாவில் நடந்ததை உலகத்துக்குச் சொல்வதாக மனைவிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரவே சம்மதித்தார்.

படத்தை இயக்கியவர் ரோலண்ட் ஜோபே. படப்பிடிப்பு தாய்லாந்தில் நடந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால் நோர் திரும்பவும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. பயிற்சி இல்லாமல் எப்படி நடித்தீர்கள் என்ற கேள்விக்கு, நான்கு வருடம் கெமர் ரூஜ்காரரின் நடிப்புப் பள்ளியில் படித்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அது பகிடி அல்ல. அங்கே நடிப்புப் பிழைத்தால் உயிர் போகும்.

1985 மார்ச்சில் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் ஆசியர் அவர். படத்தின் பிற்பாதி முழுவதையும் தனியே தூக்கிச் சுமந்தவரைத் ‘துணை’ நடிகர் என்றது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளரின் குற்றவுணர்வை மையமாக வைத்த படம் என்பதால் வந்த வினை அது. பிரித்தானியர்கள் பாப்டா விருதைச் சிறந்த நடிகருக்கென்றே அவருக்குக் கொடுத்தார்கள். அந்த மார்ச்சில் ஐ.நா. சபையில் கம்போடியாவின் ஆசனம் யாரிடம் இருந்தது தெரியுமா? கெமர் ரூஜ் பங்கெடுத்த கூட்டணியிடம்.

பிறகு நோர் தன் கதையை நூலாக்கினார். ஒலிவர் ஸ்ரோனின் ‘ஹெவன் அன்ட் ஏர்த்’ உட்படச் சில படங்களில் நடித்தார். உழைத்த பணத்தில் சொந்தக் கிராமத்தில் ஆரம்பப் பாடசாலை கட்ட உதவினார். 1996 பெப்ரவரி 25 அன்று லொஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைக்கடிகாரத்தைக் கொடுத்தவர், ஹுவோயின் படம் வைத்திருந்த லொக்கட்டைக் கொடுக்க மறுத்ததால் கொள்ளையர் சுட்டார்கள் என்பது அரச தரப்பின் வாதம். லொக்கட் மீட்கப்படவேயில்லை.

1998 ஏப்ரல் 16 அன்று மூன்று இளைஞர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதற்கு முதல் நாள்தான் பொல் பொட் எந்தச் சர்வதேச நீதிமன்றத்திலும் நிறுத்தப்படாமலே இறந்திருந்தார். இது அரசியல் கொலை என்ற சந்தேகம் கம்போடியர்களிடம் நீண்டகாலம் இருந்தது. ஐ.நா. ஆதரவுடன் அமைந்த விசேட நீதிமன்றம், துவோல் ஸ்லெங் சிறையின் பொறுப்பாளராக இருந்த டுச்சுக்கு எதிராகத் தன் முதல் தீர்ப்பை 2010 ஜூலையில் வழங்கியது. படம் வெளியாகி அப்போது 26 வருடங்கள் ஆகியிருந்தன, நோர் இறந்து 14 வருடங்கள்.