கழலைக்குள் நடக்கும் கைமாற்று

(வானொலி வேளாண் உரை)



ரோஜாச் செடியையோ, மலைப் பக்கம் பிளம், பீச், பேரிக் கன்றையோ பிடுங்கிப் பார்க்கும்போது, தண்டும் வேரும் சேருகிற இடத்தில் சொரசொரப்பாக ஒரு கட்டி இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். முதலில் வெளுப்பாக, மெத்தென்று இருக்கும். நாளானால் கறுத்து மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். நூற்புழு உண்டாக்கும் வேர்முடிச்சு வேறே. அது சல்லி வேர்களில் மணி மணியாக வரும். நான் சொல்வது கழுத்துக் கழலை. "கட்டிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று அதைச் சும்மா விடுகிறவர்கள் உண்டு. விடக்கூடாதுங்க.

இதற்குக் காரணம் மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர். 1907-லேயே அமெரிக்காவில் ஸ்மித், டவுன்சென்ட் என்ற இருவர் இதைக் கண்டு சொன்னார்கள். செடியில் காயம் பட்ட இடத்தில் இது ஒட்டிக்கொள்ளும். இதனிடம் சொந்த மரபுச் சரக்கு போக, தனியாக ஒரு சின்ன மரபு வளையமும் உண்டு. பிளாஸ்மிட் என்பார்கள். அந்த வளையத்தின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அப்புறம் செடி தன் பேச்சைக் கேட்காது. வளர்ச்சி ஊக்கிகள் கண்டபடி சுரந்து கட்டி வீங்கும். ஓபைன் என்ற ஒரு பொருளையும் செடியே தயாரிக்க ஆரம்பிக்கும். செடிக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை; அது பாக்டீரியாவுக்குத் தீனி. நம்ம உரம், நம்ம தண்ணி, விருந்து அவனுக்கு!

இதோடு முடிந்தால் ஒரு செடியோடு போயிற்று என்று இருந்துவிடலாம். ஆனால் அதே மண்ணில் அந்த வளையம் இல்லாத, நோய் உண்டாக்கத் தெரியாத அக்ரோபாக்டீரியங்களும் ஏராளம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து வெயிட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கெர் என்ற விஞ்ஞானி, நோய் தருவதையும் சாதுவானதையும் ஒரே செடியில் சேர்த்து விட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கழலையிலிருந்து எடுத்த சாதுக்களில் சிலவும் நோய் உண்டாக்கின! 1969-ல் இதை வெளியிட்டார். பிளாஸ்மிட் கைமாறியிருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

எப்போது கைமாறும்? அதுதான் வேடிக்கை. ஒரு வீட்டில் மட்டும் சாம்பிராணி போட்டால் காற்றோடு போய்விடும். தெரு முழுக்கப் போட்டால் தெருக்கோடி வரைக்கும் மணக்கும். அதுபோல ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு ரசாயனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. கூட்டம் பெருகினால் அந்தச் சரக்கும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு அளவைத் தாண்டியதும், "நாம நிறையப் பேர் இருக்கோம்" என்று அவற்றுக்குத் தெரிந்து, பிளாஸ்மிட்டைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுக்க ஆரம்பிக்கின்றன. இந்தப் பொருள் இன்னதென்று 1993-ல் தெரிந்தது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஓபைனும் இருக்க வேண்டும். தீனியும் வேண்டும், கூட்டமும் வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கிற இடம் எது? கழலைதான். அங்கேதான் சாதுக்கள் நோய்க்காரர்களாக மாறுகிறார்கள்.

கெர் ஒரு மாற்றும் கண்டார். கே-84 என்ற சாதுவான அக்ரோபாக்டீரியம், நோய்க்காரனைக் கொல்லும் அக்ரோசின் என்ற விஷத்தைச் சுரக்கிறது. ஒருவகை ஓபைனை உள்ளே இழுக்கிற வாசல் வழியாகவே, தீனி என்று ஏமாந்து, நோய்க்காரன் இந்த விஷத்தை இழுத்துக்கொள்கிறான். 1973 முதல் ஆஸ்திரேலியாவில் விதை, கன்று, போத்து இவற்றை நடும் முன் இந்தக் கரைசலில் நனைத்தார்கள். ஆனால் இந்த விஷத்தைத் தயாரிக்கும் வித்தையும் ஒரு பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது. அது நோய்க்காரனிடம் போய்விட்டால் அவன் விஷத்துக்கு அசைய மாட்டான். அதனால் கைமாற்றும் பகுதியை மட்டும் வெட்டி எறிந்து, கே-1026 என்ற ரகத்தை உண்டாக்கி 1988-ல் அறிவித்தார்கள். இரண்டுமே வருமுன் காப்பவை; வந்த கட்டியை ஆற்றா. திராட்சையில் கழலை தரும் இனத்துக்கும் இவை உதவா.

கட்டி கண்ட கன்றை வாங்காதீர்கள், விலை குறைச்சல் என்றாலும். தோட்டத்தில் கண்டால் வேரோடு, சுற்றி இருக்கும் துண்டு வேர்களையும் பொறுக்கி எடுத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். கட்டியை மட்டும் சீவிவிட்டால் போதாது. செருகின துண்டு செடிக்குள்ளேயே இருக்கலாம். களை கொத்தும்போது தண்டின் அடியில் காயம் படாமல் பாருங்கள். ஒட்டுக் கட்டும் கத்தி, கவாத்துக் கத்தரி இவற்றை ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள். பிடுங்கின இடத்தில் உடனே ரோஜாவோ பழக்கன்றோ வைக்காமல், இரண்டு மூன்று வருஷம் மக்காச்சோளம் மாதிரி தானியப் பயிர் போடுங்கள். அவற்றில் இந்தக் கழலை வருவதில்லை.