மிட்டாய் பாக்கெட்டின் வெளியுறையைத் தூக்கிப் போடாதீர்கள்

பிறந்தநாள் வீடுகளில் ரிட்டர்ன் கிஃப்ட் பை கட்டும் வேலை பெரும்பாலும் முந்தின நாள் இரவில்தான் நடக்கும். பெரிய பாக்கெட்டுகளைக் கிழித்துத் தரையில் கொட்டி, பைக்கு நாலு டாஃபி, ஒரு வேஃபர், ஒரு கடலை மிட்டாய், ஒரு பென்சில், ஒரு பலூன் என்று பிரித்துப் போடுவார்கள். கிழித்த உறைகள் குப்பைக்கூடைக்குப் போகும். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மிகவும் தேவைப்படும் தகவலும் அந்தக் குப்பையோடு போய்விடுகிறது.

ஏனென்றால், உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிறு பொட்டலங்களில் மூலப்பொருள் பட்டியலை அச்சிட வேண்டியதில்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று நாம் சொல்லும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளே இந்த விலக்கைத் தருகின்றன. பல பொட்டலங்களைச் சேர்த்து அடைத்த பெரிய உறையில் அந்த விவரம் இருந்தால் போதும். ஒற்றை டாஃபியைச் சுற்றிய தாளில் அவ்வளவையும் அச்சிட இடம் கிடையாதுதான். விதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விதி எழுதப்பட்டபோது, பெரிய உறை ஓரிடத்திலும் சிறு பொட்டலம் முப்பது வீடுகளிலும் போய்ச் சேரும் நம் ரிட்டர்ன் கிஃப்ட் வழக்கத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதைச் சரிசெய்யக் காசு செலவாகாது. கிழிப்பதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து, வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். எழுத்து தெளிவாக விழ வேண்டும். தொகுப்பு எண்ணும் தேதியும் தெரிந்தால் இன்னும் நல்லது. குழுவில் இல்லாதவர்களுக்காக உறையையே ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துக்கூட யாராவது கேட்கக்கூடும், பிள்ளைகள் அந்த மிட்டாயை அன்றைக்கே தின்று தீர்ப்பதில்லை.

யாருக்காக இவ்வளவு பாடு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். “எங்க காலத்துல இதெல்லாம் ஏது?”, “கொஞ்சூண்டு தின்னா ஒண்ணும் ஆகாது, பழகிடும்” என்பதும் வரும். முதல் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதை அங்கேயே மறுக்க வேண்டும். உணவு ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு சாதாரண உணவுப் புரதத்தைப் பகையாக எண்ணித் தாக்குவது. பால் குடித்தால் வயிறு உப்பும் பிள்ளையும் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளையும் ஒன்றல்ல. முன்னவனுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். பின்னவனுக்கு மூச்சே அடைக்கலாம். சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு என்பது உண்மைதான். அதை ஒவ்வாமை மருத்துவர், அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளந்து செய்வார். பக்கத்து வீட்டு அத்தை செய்து பார்க்கிற காரியம் இல்லை.

பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்? நம் நாட்டு விதிப்படி எட்டு வகைகளைத் தனியாக அறிவிக்க வேண்டும்: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சல்ஃபைட். ‘கண்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியில் இவை இருக்கும். பக்கத்திலேயே ‘மே கண்டெய்ன்’ என்று இன்னொரு வரி இருந்தால், அந்தப் பொருள் அதே ஆலையில், ஒருவேளை அதே இயந்திரத்தில், புழங்குகிறது என்று அர்த்தம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டு வரிகளையும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘மே கண்டெய்ன்’ வரி இல்லாததையே உத்தரவாதமாக நம்பவும் கூடாது.

எள் இந்த எட்டில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரிட்டனில் எள் ஒவ்வாமையால் 2016இல் இறந்த நடாஷா என்ற சிறுமியின் பெயரால் வழங்கும் சட்டம், கடையிலேயே பொதிந்து விற்கும் உணவுகளுக்கும் முழு மூலப்பொருள் பட்டியலை 2021இல் கட்டாயமாக்கியது. எள்ளுருண்டையும் முறுக்கும் தின்று வளர்கிற ஊரில் எள்ளுக்குத் தனி எச்சரிக்கை வரி இல்லாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை. எள் ஆகாத பிள்ளையின் பெற்றோர் எச்சரிக்கை வரியோடு நின்றுவிடாமல் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும். எண்ணெய்க்கும் இதே கதைதான். கடலையிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு ஒவ்வாமை அறிவிப்பு வரி தேவையில்லை என்று விதி விலக்கு தருகிறது. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்போது பலரும் விரும்பி வாங்கும் மரச்செக்குக் கடலெண்ணெயில் புரதம் மிஞ்சியிருக்கும்.

பச்சைப் புள்ளியைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. அது சைவக் குறி, அவ்வளவுதான். நம் விதியில் முட்டை அசைவக் கணக்கில் வருவதால், முட்டை சேர்த்த கேக்கில் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு முட்டை ஒவ்வாமைக்காரர்களுக்கு அது உதவும். பாலும் முந்திரியும் கோதுமையும் பச்சைப் புள்ளிக்கு உட்பட்டவைதான். டார்க் சாக்லேட்டில் பால் இருக்காது என்ற நம்பிக்கையும் தவறு, பலவற்றில் இருக்கிறது. பால் என்ற சொல் இல்லாமல் வே, கேசின் என்று எழுதியிருந்தாலும் அது பால்தான். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. லெசித்தின் என்றால் பெரும்பாலும் சோயா.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சித்தப்பாமார் கொண்டுவரும் சாக்லேட்டை இந்தப் பைகளில் போடாமல் இருப்பதே உத்தமம். லேபிள் நமக்குத் தெரியாத மொழியில் இருக்கலாம். பிஸ்தாவும் சேமியா போன்ற கடாயிஃபும் வைத்த ‘துபாய் சாக்லேட்’ மோகம் பரவியபோது, ஒவ்வாமை உள்ளவர்கள் இறக்குமதியான அந்த வகைகளைத் தவிர்க்கும்படி பிரிட்டனின் உணவுத் தர அமைப்பே 2025இல் சொல்ல வேண்டியிருந்தது.

சாக்லேட்டே வேண்டாம், நம்மூர்த் தின்பண்டம் கொடுக்கிறேன் என்று முடிவெடுப்பவர்களைப் பாராட்டலாம். ஆனால் ஒவ்வாமைக் கணக்கு அங்கே இன்னும் சிக்கல். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையே வேர்க்கடலைதான், அதனால் அதைப் பற்றி யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற வைப்பவை வேறு. தேன் மிட்டாய் என்று சிவப்பாக உருட்டி வைப்பதில் தேன் இருப்பதில்லை, அரிசியும் உளுந்தும்தான் மாவு. உளுந்து, கொண்டைக்கடலை ஒவ்வாமை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் ஒன்று; எட்டு வகைப் பட்டியலில் அவற்றுக்கும் இடமில்லை. முறுக்கு அரிசி மாவுதானே, கோதுமை ஆகாதவனுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்போம். அதில் போட்டது கூட்டுப் பெருங்காயம். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் இருக்கும். மிக்சரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வேர்க்கடலையும் முந்திரியும் ஓமப்பொடியும் ஒரே அள்ளலில் வந்துவிடும். கடையில் நிறுத்து வாங்கும் எதற்கும் இன்னொரு ஆபத்து உண்டு. முந்திரி பர்பியை எடுத்த அதே கையுறையும் கரண்டியும் அடுத்த தட்டுக்கும் போகும். ஒவ்வாமைக் குழந்தை வருகிறது என்று தெரிந்தால், உதிரியாக வாங்காமல் லேபிள் உள்ள பொட்டலமாகவே வாங்குங்கள். வீட்டில் கேக் செய்து விற்பவர்களிடம் வாங்கினால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண்ணைக் கேட்பதோடு, அதே ஓவனில் வேறென்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். கோபித்துக்கொள்பவரிடம் கேக் வாங்க வேண்டாம்.

தின்பண்டமே இல்லாத பை கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வேன், அநேகமாக. பென்சில், அழிப்பான், கீரை விதைப் பொட்டலம், சின்னக் கதைப் புத்தகம் எல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் பொது. பிசைந்து உருவம் செய்யும் மாவு பொம்மையில் மட்டும் கவனம் வேண்டும். பிளே-டோவின் முக்கியச் சரக்கு கோதுமை மாவு. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சாதாரண ரப்பர் பலூனும் ஆகாது.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. ஒவ்வாமைப் பிள்ளைக்கு மட்டும் பை கொடுக்காமல் விடுவதும், எல்லோர் முன்னாலும் “உனக்கு இதெல்லாம் ஆகாதுப்பா” என்று பையைப் பிரித்து எடுப்பதும். அழைப்பு அனுப்பும்போதே, யாருக்காவது எதுவும் சேராது என்றால் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது. தெரிந்துகொண்ட பிறகு அவனுக்கு மட்டும் வேறு பை கட்டுவதைவிட, எல்லோருக்கும் அவனுக்கு ஆகக்கூடியதையே போட்டுவிடுவது சுலபம். பள்ளியில் சாக்லேட் பங்கிடும் நாட்கள் முன்னறிவிப்பின்றி வரும். அதற்குப் பெற்றோர், பிள்ளைக்குப் பாதுகாப்பான சில இனிப்புகளைப் பெயர் எழுதிய டப்பாவில் வகுப்பாசிரியரிடம் கொடுத்து வைக்கலாம். கூடவே எது ஆகாது, அறிகுறி என்ன, எந்த மருந்து, யாரை அழைக்க வேண்டும் என்று மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறு நடக்கலாம். ஆகாததைத் தின்ற சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். உடலெங்கும் தடிப்பு, உதடு கண்ணிமை வீக்கம், விடாத வாந்தி, தொடர் இருமல், மூச்சில் விசில் சத்தம், குரல் கரகரப்பு, துவண்டு சாய்தல். தோலில் தடிப்போடு மூச்சுத் திணறலோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்தால் அது கடுமையான ஒவ்வாமை. தடிப்பே இல்லாமலும் அது வரலாம். அப்போது முதல் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜி மாத்திரையும் சிரப்பும் அரிப்பை அடக்கும், அடைக்கும் மூச்சைத் திறக்காது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. வெளிநாடுகளில் கிடைக்கும் பேனா வடிவத் தானியங்கி ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் சில மருத்துவர்கள் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து, எடைக்கேற்ற அளவை எழுதித் தந்து, மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒருமுறையாவது இப்படி வந்திருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். அட்ரினலின் விலை குறைந்த மருந்து, தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பது.

ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே 108. பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சுக்குத் திணறினால் உட்காரவிடுங்கள், எழுப்பி நடக்கவிடாதீர்கள். தேறிவிட்டான் என்று மருத்துவமனையிலிருந்து அவசரமாகக் கிளம்பவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வருவது உண்டு.

தின்ற பொருளின் லேபிளிலேயே தவறு இருந்தால் கதை வேறு. லேபிளில் பால் இல்லை, பண்டத்தில் இருந்தது என்றால் அது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான அடையாளமிட்ட உணவு. 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு 65ஆம் பிரிவில் வருகிறது: உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. வாங்கியவரே ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கொடுக்கலாம் என்று 40ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்திருக்க வேண்டுமாம். மிட்டாய் வாங்கும்போது அப்படிச் சொல்பவரை நான் பார்த்ததில்லை. நடைமுறையில் பயன் தருவது புகார்தான். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 112 100. நுகர்வோர் உதவிக்கு 1915. தொகுப்பு எண்ணையும் 14 இலக்க உரிம எண்ணையும் கொடுத்தால், அலுவலர் அதே தொகுப்பிலிருந்து மாதிரி எடுக்க வழியுண்டு.

“காசு கொடுத்து வாங்கியது நாங்கள் இல்லையே, இலவசமாக வந்த பைதானே” என்று தயங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். வழக்கு பிறந்தநாள் வீட்டார் மீது அல்ல, எச்சரிக்கை தராத தயாரிப்பாளர் மீது. மாவட்ட ஆணையத்தில் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் கட்டணம்; 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். மருத்துவமனைச் சீட்டும் மிச்சமிருக்கும் பண்டமும் உங்களிடம் இருக்கும். கடை ரசீதும் வெளியுறையும் இருப்பது பை கட்டியவர்களிடம், அவற்றை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.